சீசெல்ஸுக்கு வேலைக்கு வருகிறீர்களா?

வேலை அனுமதி, உங்களை வேலைக்கு எடுக்கும் முதலாளியோடு பிணைந்தது. அது கைக்கு வராமல் விமானம் ஏற வேண்டாம்.

அடுத்தது பெட்டி. கறிவேப்பிலை நாற்று, முருங்கைக் குச்சி, மாங்கொட்டை எதையும் அனுமதியில்லாமல் கொண்டு வராதீர்கள். இது கெடுபிடி இல்லை. 115 தீவுகள் கொண்ட நாடு இது. வெளியிலிருந்து வரும் ஒரு பூச்சியோ எலியோ போதும், இங்கே மட்டுமே வாழும் உயிர்களை அழித்துவிட. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் சீசெல்ஸ் குண்டுகரிச்சான் பறவை, பூனைகளாலும் எலிகளாலும் பல தீவுகளில் அற்றுப்போய், 1960-களில் ஃப்ரிகேட் தீவில் மட்டும் 20-க்கும் குறைவாக எஞ்சியது. பலர் பல வருடம் பாடுபட்டுத்தான் அதை மீட்டார்கள்.

ஊரில் நாட்டு மருந்துக் கடையில் கடல் தேங்காய் பார்த்திருப்பீர்களே, அதன் தாய்வீடு இங்கே பிராலன், கியூரியஸ் என்ற இரண்டு தீவுகள்தான். காய் முற்ற ஆறேழு வருடம் ஆகும். உலகின் மிகப் பெரிய விதை அது. பிராலனின் வலே த மே காட்டுக்கு ஒருமுறை கட்டாயம் போங்கள். காற்றடித்தால் அந்தக் கடல் தேங்காய்ப் பனையின் ஓலைகள் தகரம்போலத் தடதடக்கும். ஆனால் அம்மாவுக்கு மருந்துக்கு என்று யாரிடமோ ஒரு துண்டு வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். முறையான அனுமதிச் சான்றிதழோடு விற்பதைத்தான் ஊருக்குக் கொண்டு போக முடியும்.

காற்றின் திசையைத் தெரிந்துகொண்டால் பாதி வாழ்க்கை எளிது. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று; மழை குறைவு, கடல் கொந்தளிப்பு. பிராலனுக்குப் போகும் படகில் வயிற்றைக் குமட்டும். அந்த மாதங்களில் லா டீக் தீவின் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் குளிக்கவே வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். முக்கியத் தீவான மாஹேயின் போ வலோன் கடற்கரை அப்போது அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று, நல்ல மழை. பாம்புக்குப் பயப்பட வேண்டியதில்லை, பூரானுக்குப் பயப்படுங்கள். நன்றாக நீளமாக வளரும், கடித்தால் வலி தாங்காது. காலணியை உதறிவிட்டுப் போடுங்கள்.

இறக்குமதிப் பொருள் எல்லாமே விலை அதிகம், அதனால் மீனையே அதிகம் வாங்குங்கள். தலைநகர் விக்டோரியாவின் சந்தைக்குச் சனிக்கிழமை விடியற்காலையிலேயே போனால் நம் பாரை 'கரங்' என்ற பெயரில் கிடைக்கும். கானாங்கெளுத்தியைக் கொத்தாகக் கட்டி விற்பார்கள். உருளைக்கிழங்குக்குப் பதில் சீமைப்பலா வாங்கிப் பழகுங்கள், வறுவலுக்கு அருமை. கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள். சொல்லாமல் கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

பிள்ளை, நாய்க்கன், செட்டி என்று பெயர் இருப்பவர்களைப் பார்த்ததும் தமிழில் பேச்சைத் தொடங்குவோம். பெரும்பாலும் பதில் இந்த ஊர் மொழியான கிரியோலில்தான் வரும். 1770-இல் முதன்முதலாகக் குடியேறிய 28 பேரிலேயே ஐந்து பேர் இந்தியர்கள். தலைமுறை பல கடந்துவிட்டன. தமிழ் கேட்க வேண்டுமென்றால் விக்டோரியாவில் 1992-இல் எழுந்த நவசக்தி விநாயகர் கோயிலுக்கு வாருங்கள். தைப்பூசக் காவடிக்கு முன்னதாகவே வந்து ஆட்களைப் பழகிக்கொண்டால், வீடு தேடுவது முதல் மிளகாய்த்தூள் எங்கே கிடைக்கும் என்பது வரை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.