எம்.பார்ம் புராஜெக்ட்: விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் பி எழுதுவது எப்படி?

எலியைத் தொடும் எந்த ஆய்வுக்கும் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு (ஐஏஇசி) முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். அதற்கான விண்ணப்பமே படிவம் பி. எலி, சுண்டெலி, முயலுக்கு இந்தக் குழுவே போதும். நாய், குரங்கு என்றால் கோப்பு, விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் குழுவான சிசிஎஸ்இஏ வரை போகும்.

மேலூர்ப் பக்கம் தரிசில் பூக்கும் ஆவாரம்பூவை எடுத்து, அதன் எக்ஸ்ட்ராக்ட் (சாறு) ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்க்கப் போவதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: எலி எதற்கு?
ஆவாரம்பூவில் இந்த வேலை ஏற்கெனவே நிறைய நடந்திருக்கிறது. அதையே திரும்பச் செய்ய எலி கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. உங்களுடையதில் என்ன புதுசு என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். சோதனைக் குழாயிலேயே செய்யக்கூடிய என்சைம் சோதனையை முடித்து, அதன் முடிவையும் சேருங்கள்.

படி 2: எத்தனை எலி?
அதிகம் அடிவாங்கும் இடம் இது. சீனியர் ஒரு குரூப்புக்கு ஆறு எலி போட்டார், நானும் போட்டேன் என்பது பதிலாகாது. எளிய கணக்கு ஒன்று உண்டு: மொத்த எலியிலிருந்து குரூப் எண்ணிக்கையைக் கழித்தால் 10 முதல் 20-க்குள் வர வேண்டும். ஐந்து குரூப்புக்கு ஆறாறு என்றால் 30 − 5 = 25, அதிகம். ஐந்தைந்து என்றால் 25 − 5 = 20, சரி. சில எலிகள் செத்துப்போகலாம் என்று கூடுதலாகக் கேட்டால் காரணத்தையும் எழுதுங்கள்.

படி 3: எலிக்கு என்ன நேரும்?
எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் மருந்தைப் போட்ட முதல் நாளில் சர்க்கரை சடாரென்று இறங்கும். குளுக்கோஸ் தண்ணீர் வைப்பதாக எழுதுங்கள். பிறகு தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். கூண்டில் உமியை எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவீர்கள்? 200 கிராம் எலியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 13 மில்லிதான். ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எடை எவ்வளவு குறைந்தால் அந்த எலியை ஆய்விலிருந்து நிறுத்துவீர்கள், கடைசியில் எந்த மருந்தில், என்ன அளவில் உயிரை முடிப்பீர்கள் என்பதும் வேண்டும். 'உரிய முறையில்' என்று மழுப்பினால் படிவம் திரும்பி வரும்.

படி 4: வெயில்
விலங்குக் கூடத்தில் 18 முதல் 29 டிகிரிதான் இருக்கலாம். மதுரைச் சித்திரை வெயிலில் கரண்ட் போனால்? ஜெனரேட்டர் இருப்பதைக் குறிப்பிடுங்கள். எலிகளை ராத்திரிப் பயணத்தில் வரவழையுங்கள். வந்ததும் குறைந்தது ஒரு வாரம் தனியே வைக்கும் நாட்களையும் அட்டவணையில் சேருங்கள்.

படி 5: எளிய சுருக்கம்
குழுவில் கால்நடை மருத்துவரும் விஞ்ஞானிகளும் மட்டுமல்ல, அறிவியல் துறை சாராத சமூக ஆர்வலர் ஒருவரும் இருப்பார். அவருக்குப் புரியும்படி ஆய்வின் சுருக்கத்தை முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். தமிழில் வராவிட்டால் ஆய்வே உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

அனுமதி எண் கைக்கு வந்தபிறகே எலிக்கு ஆர்டர் கொடுங்கள், அதுவும் பதிவுபெற்ற வளர்ப்பாளரிடம். டோஸையோ எண்ணிக்கையையோ நடுவில் மாற்ற நினைத்தால் திரும்பவும் குழுவிடம்தான் போக வேண்டும்.