டிரீம்காஸ்டில் ஜிடிஎமு: பழைய டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள்

சேகாவின் டிரீம்காஸ்ட் விளையாட்டுக் கன்சோல் 1998 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2001-லேயே அறிவித்துவிட்டார்கள். விளையாட்டு டிஸ்குகளைப் படிக்கும் அதன் ஜிடி-ரோம் டிரைவுகள் எல்லாமே இன்று முதுமை தட்டியவை. அதனால் டிரைவைக் கழற்றிவிட்டு, எஸ்டி கார்டிலிருந்து விளையாட்டுகளைப் படிக்கும் ஜிடிஎமு பலகையைப் பொருத்துவது பரவலாகிவிட்டது. சாலிடர் வைக்கவே வேண்டாம். பழைய டிரைவ் உட்கார்ந்திருந்த கனெக்டரிலேயே பலகை உட்கார்ந்துவிடும். வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் யோசிக்காமல் இறங்குகிறார்கள். தொடக்கத்தில் எங்கள் தலைமுறை பட்டுத் தெளிந்த தவறுகளையே புதியவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன். மோடத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை மறப்பது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நோயைப் பார்க்காமல் டிரைவை மாற்றுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஆட்டத்தின் நடுவே கன்சோல் தானாக முகப்புத் திரைக்குத் திரும்புகிறது. உடனே "லென்ஸ் போய்விட்டது" என்று தீர்ப்பெழுதி, பலகையை வாங்கிப் பொருத்தி, டிரைவைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அப்படி ஓர் இளைஞர் தன் கன்சோலை என்னிடம் கொண்டுவந்தார். புதிய பலகை, புதிய கார்டு, ஆனால் அதே கோளாறு. பவர் சப்ளையை மேலே தூக்கிப் பார்த்தேன். மதர்போர்டிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஆறு பின்களும் பளபளப்பு இழந்து கறுத்திருந்தன. தொடர்பு சரியில்லாததால் மின்னழுத்தம் நொடிப்பொழுது சரியும். கன்சோல் உடனே ரீசெட் ஆகும். டிரீம்காஸ்டில் இது மிகப் பழகிய நோய். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பின்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பஞ்சு சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. பவர் சப்ளையைத் திரும்பப் பொருத்தியதும் தொல்லை தீர்ந்தது. அவருடைய டிரைவுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது என்று அடித்துச் சொல்வேன். அதுதான் குப்பைக்குப் போய்விட்டதே! அவர் ஆசையாகச் சேர்த்த அசல் டிஸ்குகளைச் சுழற்ற இப்போது அந்தக் கன்சோலில் எதுவும் இல்லை.

ஜிடி-ரோம் சாதாரண சிடி அல்ல. ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் கொள்ளும் தனி வடிவம் அது. கணினியின் சிடி டிரைவ் எதுவும் அதற்கு ஈடாகாது. புதிய டிரைவும் கடையில் கிடைக்காது. ஆகவே முதலில் பின்களைத் துடையுங்கள், லென்ஸைத் துடையுங்கள், கீறலில்லாத அசல் டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் டிஸ்க் படிக்கவில்லை என்றால் மட்டும் டிரைவைச் சந்தேகியுங்கள். கழற்றிய டிரைவைச் செத்ததே ஆனாலும் பெட்டியில் போட்டு வையுங்கள். அதன் மோட்டாரும் பற்சக்கரமும் இன்னொரு டிரைவைப் பிழைக்கவைக்கும்.

லேசர் திருகை முறுக்குவது

டிஸ்க் படிக்காவிட்டால் லேசரைப் பலப்படுத்த டிரைவிலுள்ள சிறு திருகைத் திருப்புவார்கள். வேண்டாம். லேசருக்குக் கூடுதல் மின்னோட்டம் போகும். சில நாள் படிக்கும், பிறகு ஒரேயடியாக அணைந்துவிடும்.

கன்சோலின் பதிப்பைப் பார்க்காமல் வாங்குவது

அடிப்பக்க ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் கவலையில்லை. 2 என்றால் ஜிடிஎமு ஒத்துவராது.

மின்னழுத்தம்

ஜப்பானியக் கன்சோல் 100 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் பவர் சப்ளை கருகிவிடும். மேல்மூடியைக் கழற்றியதும் பவர் சப்ளை மறைப்பே இல்லாமல் திறந்து கிடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறந்துபோட்டுக்கொண்டு கன்சோலை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

சார்ஜ் ஆகும் பேட்டரிக்குப் பதில் சிஆர்2032

ஒவ்வொரு முறையும் தேதி கேட்டு நிற்கிறதா? கடிகார பேட்டரி தீர்ந்திருக்கிறது. கன்ட்ரோலர் செருகும் பலகையில் இருக்கும் அந்த பேட்டரி சார்ஜ் ஆகக்கூடியது. அந்த இடத்தில் கடையில் கிடைக்கும் சிஆர்2032-ஐ வைத்தால், சார்ஜ் ஆகக் கூடாத பேட்டரிக்குள் கன்சோல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கசியும், வெடிக்கவும் கூடும். எம்எல்2032 என்று கேட்டு வாங்குங்கள்.

கார்டு

எஸ்டி கார்டை எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜிபி கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில்தான் வரும், அவற்றை மாற்றியாக வேண்டும். 01 என்ற ஃபோல்டர் மெனுவுக்கு, விளையாட்டுகள் 02-இலிருந்து.

நகல் பலகையில் ஃபர்ம்வேர் மாற்றுவது

உங்களுடையது ஜிடிஎமுவைப் பார்த்துச் செய்த நகல் என்றால் அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள். பலகை செத்துவிடும்.