சிங்கிள் மதர், டீனேஜ் பையன்: ஸ்க்ரிப்ட் எழுத உக்காருறவங்களுக்கு

தனியா புள்ளைய வளர்க்கிற அம்மா, 15 வயசுப் பையன், ஒரு வீடு. இந்த ஒன்லைனோட உக்காந்தா கை தானா எழுதுற முதல் சீன் அம்மா ராத்திரி தலகாணில மூஞ்சப் பொதச்சு அழுறதுதான். நானும் எழுதினேன், ரெண்டு டிராஃப்ட் வரைக்கும் விடவே மனசு வரல, அதை வெட்டின அன்னைக்குத்தான் கதை நகரவே ஆரம்பிச்சுது, ஏன்னா அழுற அம்மாவைப் பாத்து ஐயோ பாவம்னு சொல்லலாம், அடுத்து என்ன பண்ணப் போறாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

அதனால முதல்ல அம்மாவுக்குன்னு ஒரு ஆசை வைங்க, பையனுக்கு சம்பந்தமே இல்லாத ஆசை. பாதில விட்ட படிப்பு, ஒரு ப்ரமோஷன், யாரோ ஒருத்தர் மேல லேசா ஒரு இது, எதுவா வேணா இருக்கட்டும். அது பின்னாடி போனா வீட்டுல இருக்கிற நேரம் குறையும்ல, அங்கதான் பையன் முட்டுவான். தியாகம் தியாகம்னே எழுதினா சிலைதான் மிஞ்சும்.

பையனை வில்லனாக்கிடாதீங்க. அம்மாவை விட்டு விலகணும்னும் இருக்கும், வீட்டுக்குப் பெரிய மனுஷன் நாமதான்னு ஒரு நெனப்பும் இருக்கும். கதவை டமார்னு சாத்துறதும் அவன்தான், அம்மா வந்தாச்சான்னு ராத்திரி முழிச்சிருந்து பூட்டு திறக்கிற சத்தம் கேட்டதும் லைட்டை அணைக்கிறதும் அவன்தான்.

என் ஸ்க்ரிப்ட்ல இருந்து ஒரு சீன். பையனோட பைல ஸ்கூல் ஃபார்ம் கிடைக்குது, கீழ அம்மா கையெழுத்து, ஆனா அம்மா போடல. பழைய ஃபார்மெல்லாம் எடுத்துப் பாத்தா அதுலயும் அப்படித்தான். கன்னத்துல ஒரு அறை, கத்தல், "உனக்காகத்தானே இவ்ளோ கஷ்டப்படுறேன்", இதெல்லாம்தான் எழுதத் தோணும். மூணாவது டிராஃப்ட்ல அம்மா அந்த ஃபார்மை டேபிள்ல வச்சு, பக்கத்துல தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டி, "நான் கடைசி எழுத்தைச் சுழிக்க மாட்டேன்"ங்கிறாங்க. அவன், "முன்னாடி சுழிப்ப"ங்கிறான். அவ்ளோதான் சீன். அம்மா எப்போ மாறினாங்க, அவன் எவ்ளோ நாளா கவனிச்சிட்டு இருக்கான், எல்லாம் அந்த ரெண்டு வரிக்குள்ள வந்துருச்சு. மனசுல இருக்கிறதை நேரா பேச விடாதீங்க, கையில ஒரு பொருளைக் குடுத்து அதைப் பத்திப் பேச விடுங்க.

அப்பாவுக்கு ஃபிளாஷ்பேக் வேண்டாம். என்ன ஆனாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும், படத்துல ஒரு வரி.

பாத்துக் கத்துக்க ரெண்டு படம். ரிச்சர்ட் லிங்க்லேட்டரோட பாய்ஹுட், 2002ல ஆரம்பிச்சு 12 வருஷம் அதே நடிகர்களை வச்சு எடுத்தது, எல்லாரும் பையன் வளர்றதைத்தான் பாப்பாங்க, நீங்க அம்மாவை மட்டும் தனியா ஃபாலோ பண்ணுங்க, படிக்கிறது, வேலைக்குப் போறது, தப்பான ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு வெளிய வர்றதுன்னு அதுவே தனிப் படமா நிக்கும், பாட்ரிசியா ஆர்க்வெட்டுக்கு ஆஸ்கர் சும்மா வரல. இன்னொன்னு சேவியர் டோலனோட மம்மி, 2014 (பேய்ப் படம் இல்லைங்க). ஃப்ரேமே சதுரமா இருக்கும், மூச்சு முட்டும், ஒரு இடத்துல பையன் ரெண்டு கையாலயும் ஃப்ரேமைத் தள்ளித் திறப்பான், கொஞ்ச நேரத்துல அது திரும்ப சுருங்கிடும். அதைக் காப்பி அடிக்காதீங்க, உங்க கதைல அந்த வீடு எப்போ பெருசாத் தெரியுது எப்போ நெருக்குதுன்னு மட்டும் பேப்பர்ல குறிச்சு வைங்க.

நீளம் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம், ஒரு பக்கம் தோராயமா ஒரு நிமிஷம்னு வச்சா 100 பக்கம் தாராளம்.

முடிச்சதும் அந்த வயசுப் பையன் ஒருத்தனைப் புடிச்சு உங்க ஸ்க்ரிப்ட்ல வர்ற பையனோட டயலாக்கை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. எந்த வரில சிரிப்பை அடக்குறானோ அதை அடிச்சிருங்க, எந்த வரில சட்டுனு குரல் இறங்குதோ அதுல கையே வைக்காதீங்க.