ஆய்வகத்தில் வாய்ச் சளிச்சவ்வை வளர்க்கும் முறை

கடைவாய்ப் பல்லை அகற்றும்போது ஒதுக்கப்படும் ஈறுத் துண்டு வாயின் உட்புறப் போர்வையான சளிச்சவ்வை வளர்க்க எளிதில் கிடைக்கும் மூலப்பொருள்தான் என்றாலும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் கிடைத்த பிறகே அதைப் பெற வேண்டும். ஈறு, கெராட்டின் என்ற கடினமான புரதம் படிந்தது. கன்னத்தின் உட்புறம் அவ்வாறன்று. ஆகவே வளர்க்கும் திசு மருந்துச் சோதனைக்கா, நோயாளிக்கு ஒட்டாக வைப்பதற்கா, எதற்குப் பயன்படப்போகிறது என்பதை முடிவு செய்துகொண்டு மூலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாக்கும் புகையிலையும் போடுவோருக்கு நம் பகுதியில் குறைவில்லை. அவர்களுடைய திசு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அடியில் நார்த்தடிப்பு தொடங்கியிருக்கலாம் என்பதால், இயல்பான மாதிரியாக அதைக் கொள்ளக் கூடாது.

கடலூரில் எடுத்த திசுவைப் புதுச்சேரி ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதானால், கிருமி எதிர்ப்பு மருந்தும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் கலந்த வளர்ப்பூடகத்தில் (செல்களுக்கான சத்துக் கரைசலில்) இட்டு, ஐஸ் பெட்டியில் உறைந்துவிடாமல் எடுத்துவர வேண்டும். வந்ததும் அதே மருந்துகள் கலந்த உப்புக் கரைசலில் பலமுறை அலச வேண்டும்.

பிறகு டிஸ்பேஸ் நொதியில் 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் ஊறவிட்டால், மறுநாள் காலையில் மேற்படலம் ஊறிய கொண்டைக்கடலைத் தோலைப் போல இடுக்கியோடு முழுதாக உரிந்து வரும். கிழிந்து வந்தால் சுரண்டாமல், இன்னும் சிறிது நேரம் ஊறவிடுவதே நல்லது. மேற்படலத்தை டிரிப்சின் நொதியாலும் அடித்திசுவைக் கொலாஜினேஸ் நொதியாலும் பிரித்து, மேற்படலச் செல்கள், அடித்திசுவின் நார்ச்செல்கள் ஆகிய இருவகைச் செல்களையும் 37 டிகிரியில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் தனித்தனியே பெருக்க வேண்டும். ரைன்வால்ட், கிரீன் என்ற ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட முறையில் சுண்டெலிச் செல்கள், வளரும் செல்களுக்கு ஊட்டம் தரும் படுகையாக இருந்தன; ஒட்டுக்கான திசுவில் விலங்குச் செல்லைத் தவிர்க்க விரும்புவோர் கால்சியம் குறைந்த, சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த நீர்மம்) சேராத ஊடகத்தை நாடலாம். பெருகியவற்றில் ஒரு பங்கைத் திரவ நைட்ரஜனில் சேமித்துவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடந்தபின் கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை; அத்தகைய நேரத்தில் மின்சாரத்தை நம்பியிராத இந்தச் சேமிப்பே கைகொடுக்கும்.

நார்ச்செல்கள் கலந்த கொலாஜன் என்ற புரதக் கூழின்மேல் மேற்படலச் செல்களை விதைத்து, சில நாள் ஊடகத்தில் மூழ்கவிட்டு, பின்னர் மேற்பரப்பு காற்றில் படும்படி உயர்த்த வேண்டும். அப்போது ஊடகம் அடிப்பக்கத்தை மட்டுமே தொட வேண்டும். மேலே ஏறி நின்றால் அடுக்குகள் சரியாக அமைவதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பல அடுக்குத் திசு உருவாகிவிடும். வெட்டுத்துண்டுக்குச் சாயமேற்றி அதை உறுதி செய்த பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும். வாய் கொப்பளிக்கும் மருந்தைச் சோதிப்பவர் அதைத் திசுவின் மேற்பரப்பில் இட வேண்டுமேயன்றி, ஊடகத்தில் கலக்கக் கூடாது.

ஒட்டுக்கான திசுவைச் சாதாரண ஆய்வகத்தில் வளர்க்கலாகாது. அதற்கெனத் தரச்சான்று பெற்ற தூய்மை அறை வேண்டும். அப்படி வளர்த்தாலும், வைத்த ஒட்டு சுருங்குவதே பெருந்தொல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சிறுநீர் உடலைவிட்டு வெளியேறும் குழாயின் (யூரித்ரா) அடைப்புக்கு இவ்வகை ஒட்டு வைத்த 5 பேரில் இருவருக்கு, நார்த்தன்மையும் சுருக்கமும் மிகுந்ததால் அதைப் பகுதியாகவோ முழுமையாகவோ அகற்ற நேர்ந்ததாக 2008இல் அறிவித்தார்கள்.