டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது

போன மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்தபோது தெருச் சாக்கடையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர். குற்றவாளி எங்கள் குளியலறை டிரம்.

1. டார்ச்சும் வெள்ளைக் கிண்ணமும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மொண்டு பார்த்தால் நெளிகிற கொசுப்புழு வெள்ளையில் பளிச்சென்று தெரியும். கைப்பேசி வெளிச்சம் எனக்குச் சரிப்படவில்லை; ஒருமுறை கைப்பேசியே டிரம்முக்குள் விழுந்தது.

2. புழு இருந்தால் தண்ணீரை வெயில் படும் காய்ந்த தரையில் கொட்டுங்கள். சாக்கடையில் கொட்டினால் சில அங்கே பிழைத்துக்கொள்ளலாம்.

3. தேய்க்க வேண்டும். நான் கோட்டை விட்டது இங்கேதான். ஞாயிறுதோறும் டிரம்மைக் கவிழ்த்து, அலசி, மறுபடி நிரப்புவேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் அதே நெளிசல். ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டிவிடுகிறது. மிளகுத்தூள் சிந்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள், அழுக்கென்றே நினைத்திருந்தேன். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் தொட்டதும் பொரியும். ஆக, வாராவாரம் நானே அவற்றுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறேன்! விளிம்பிலிருந்து அடிவரை அழுத்தித் தேயுங்கள். பிளாஸ்டிக் பிரஷ் வழுக்குகிறது. தேங்காய் நாருக்கு ஈடில்லை. முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தவறக் கூடாது.

4. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். மேல்நிலைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயையும் மறக்காதீர்கள். வாராவாரம் காலி செய்ய முடியாத சம்ப்புக்கு மாநகராட்சி ஊழியர்கள் வரும்போது மருந்து கேளுங்கள். அளவை அவர்களே போடட்டும்.

கொசுவர்த்திச் சுருளை நான் நம்புவதில்லை. புகை எங்களைத்தான் இரும வைத்தது. இரவில் வலை கட்டுவது நல்லதுதான், ஆனால் ஏடிஸ் பகலில் கடிக்கிறது.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் கொசு குறையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஃப்ரிட்ஜின் பின்னால், கம்ப்ரசருக்கு மேல், நீர் சேரும் தட்டைப் பார்க்கச் சொன்னேன். அங்கேதான் இருந்தது.

இன்னொன்று: காய்ச்சலுக்கு வீட்டில் கிடக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கூடாது, இரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாதவர்கள் குழியில் மணலைக் கொட்டி நிரப்பிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன். எதிர்வீட்டுப் பூனைக்கு அது வேறு விதத்தில் வசதியாகிவிட்டது.