உபுண்டுவில் திரை கறுத்துப் போனால் செய்யக் கூடாதவை

அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும் திரை கறுப்பாகவே நின்றால், பலர் உடனே பென் டிரைவை எடுத்து உபுண்டுவை மறுபடி நிறுவப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது படம் காட்டும் பகுதி மட்டும்தான், உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து லாகின் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வராவிட்டால் கணினி துவங்கும்போது வரும் க்ரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள். அதில் திரை வந்துவிட்டால், புதிய கெர்னலோடு, கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் சேரவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். உபுண்டுவின் டிரைவர் பேக்கேஜ் ஏற்கெனவே இருக்க, நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலரையும் அதன் மேலேயே ஓட்டிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றின் கோப்பை ஒன்று மிதிக்கும். இறக்கியதை அதன் அன்இன்ஸ்டால் வசதியாலேயே நீக்கிவிட்டு, பேக்கேஜை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் மாறினாலும் அதற்கேற்ற டிரைவர் அப்டேட்டோடு வந்துவிடும்.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் துவக்கத்தில் தடுக்கும் வசதி) இயங்கும் கணினியில் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். பயந்துபோய் 'கன்டினியூ பூட்' கொடுத்தால் டிரைவர் ஏறாது. டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யும் 'என்ரோல் மோக்' கொடுத்து அதே கடவுச்சொல்லை அடிக்க வேண்டும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் லாகின் திரைக்கே திரும்புகிறதா? டிரைவரைத் தொடாதீர்கள். முதலில் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பைப் பாருங்கள்; திரையைப் பயன்படுத்த அனுமதி தருவது அதுதான். சூடோ கட்டளை போட்டு நிர்வாகி உரிமையில் டெஸ்க்டாப்பைத் துவக்கியிருந்தால் அது ரூட்டின், அதாவது நிர்வாகிக் கணக்கின், பெயருக்கு மாறியிருக்கும். அதை நீக்கினால் போதும், தானே புதிதாக உருவாகும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, திரையில் படம் காட்டும் எக்ஸார்க் மென்பொருளுக்கு யாரோ எழுதிய பழைய அமைப்புக் கோப்பை (எக்ஸார்க் கான்ஃப்) அப்படியே ஒட்டுவது. இன்றைய எக்ஸார்க் மானிட்டரையும் கார்டையும் தானே கண்டுகொள்ளும். அந்தக் கோப்பு இல்லாமலே பெரும்பாலான வீட்டுக் கணினிகள் ஓடுகின்றன. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அதன் பெயரை மாற்றிவைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். முந்தைய பூட்டில் என்ன பிழை வந்தது என்பதை ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும். அதைப் படித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்.

எப்படியாவது திரையை வரவைக்கச் சிலர் க்ரப்பில் சேர்க்கும் நோமோட்செட் என்ற பூட் ஆப்ஷன் தற்காலிகத்துக்கு மட்டும். டிரைவர் சரியானதும் அதை க்ரப் அமைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் ரெசல்யூஷன் குறைந்தே நிற்கும், வீடியோவும் திணறும்.