நாய்கள் மட்டும் திரும்பி வந்த கதை: சேர்வராயன் மலைத் தொன்மத்தைப் பெரியவர்களுக்கான தொடராக எழுதும் முறை

பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் தங்கள் தெய்வமான கரியராமரோடு காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுச் சேலத்துப் பக்கம் வந்து, ஒருவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்பது, இந்த மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினரான மலையாளி மக்கள் தங்கள் வரலாறாகச் சொல்லி வரும் தொன்மம். கேட்ட மாத்திரத்தில் இது ஓர் இடப்பெயர்வுக் கதையாகத்தான் தோன்றும். ஆனால் இதற்குள் வேறொரு கதை இருக்கிறது. நான் கேட்ட வடிவத்தில், அண்ணன் தம்பிகள் மூவரும் வேட்டைக்குப் போகிறார்கள். அவர்களோடு போன நாய்கள் மட்டும் வீடு திரும்புகின்றன. ஆண்கள் இறந்துவிட்டார்கள் என்று நினைத்த மனைவியர் தீ மூட்டி அதில் இறங்கிவிடுகிறார்கள். உயிரோடு திரும்பி வந்த மூவரும் சாம்பலைத்தான் பார்க்கிறார்கள். அதன் பிறகே அவர்கள் வெவ்வேறு சமூகத்துப் பெண்களை மணந்து வெவ்வேறு மலைக்குப் பிரிகிறார்கள். இதைத் தொலைக்காட்சித் தொடராக, வயது வந்தோருக்கென்று எழுத விரும்புகிறவர்களுக்காக, இரண்டு ஆண்டுகளாக இந்தத் திரைக்கதையை எழுதியும் கிழித்தும் திருத்தியும் நான் அறிந்துகொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையைக் கேட்க வேண்டும். ஒரு முறை அல்ல, பல வாய்களிலிருந்து. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் ஏழு தொகுதிகளில் இந்தத் தொன்மம் பதிவாகியிருப்பது உண்மைதான். ஆனால் அது வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பதிவு; அதில் சம்பவம் இருக்கிறதே தவிர சொல்கிறவரின் குரல் இல்லை. மேலும் எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பதே சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. இந்த மாறுபாடுகளைப் பிழை என்று ஒதுக்கிவிடாமல், ஒரு நோட்டில் யார், எந்த ஊரில், எந்த வேலையின் நடுவே சொன்னார் என்பதோடு சேர்த்து எழுதி வையுங்கள். வேலையின் நடுவே சொல்லப்படும் கதைக்கும், கேமராவை வைத்துச் சொல்லச் சொன்ன கதைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றின் திண்ணையில் ஒரு பாட்டி சாமையைப் புடைத்துக்கொண்டே எனக்கு இதைச் சொன்னார். நாய்கள் திரும்பி வரும் இடத்தில் அவர் கையிலிருந்த முறம் நின்றுவிட்டது. “நாய் வந்துருச்சு சாமி, ஆளைக் காணோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, உமியை வாயால் ஊதி, மீண்டும் புடைக்கத் தொடங்கிய பிறகுதான் தீயைப் பற்றிச் சொன்னார். அந்த இடைவெளிதான் என் தொடரின் நான்காம் அத்தியாயம் முழுவதும்.

அடுத்த வேலை, கதையின் நடுத்தூணைக் கண்டுபிடிப்பது. தொன்மத்தை எடுப்பவர்கள் பலரும் முதல் காட்சியிலிருந்து வரிசையாக எழுதத் தொடங்கிக் காஞ்சிபுரத்துக் கோயில், ஊர்வலம், பகை, பயணம் என்று ஐந்து அத்தியாயங்களைச் செலவழித்துவிட்டு, கதை உயிர்பெறும் இடத்துக்கு வரும்போது களைத்துப்போகிறார்கள். இதற்குச் சேலத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1950இல் ‘மந்திரி குமாரி’ படத்துக்காக ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டது. மனைவியைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகும் கணவன், அவனைச் சுற்றி வணங்குவதாகச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிவிடும் மனைவி. இவ்வளவுதான் அந்த நிகழ்ச்சி. அந்த உச்சிப் பாறையை நோக்கித்தான் மற்ற எல்லாம் நகர்கிறது. உங்கள் தொன்மத்திலும் அப்படி ஒரு பாறை இருக்கும். இந்தக் கதையில் அது நாய்கள் வாசலுக்கு வரும் நேரம். அதை ஒரு காகிதத்தின் நடுவில் எழுதி, அதற்கு முன் பார்வையாளர் எதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும், அதற்குப் பின் எந்தக் கடன் தீராமல் நிற்கும் என்று இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது காஞ்சிபுரம் முதல் அத்தியாயத்தின் பாதிக்குள் சுருங்கிவிட்டது. அதனால் கதைக்கு எந்த இழப்பும் இல்லை.

பெரியவர்களுக்கான தொடர் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். இரத்தமும் படுக்கையறையும் கூடுதலாக இருந்தால் அது வயது வந்தோருக்கானது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. குழந்தைக்குச் சொல்லும்போது “அவர்கள் வேறு பெண்களை மணந்துகொண்டு மலையில் நன்றாக வாழ்ந்தார்கள்” என்று முடித்துவிடலாம். ஆனால் வாழ்ந்து பார்த்தவர்களுக்குச் சொல்லும்போது அந்த ஒரு வரிக்குள் இருக்கும் கேள்விகளை விட்டுவிட முடியாது. தன் மனைவி ஒரு தவறான செய்தியால் இறந்தாள் என்று அறிந்தவன் அடுத்தவளோடு எப்படிப் பேசுவான்? நாயை முன்னால் அனுப்பியது யார்? அதை மூவரில் ஒருவர் மற்ற இருவரிடமும் மறைத்தாரா? தெரியாத மலைக்கு, தெரியாத குலத்தில் மணமுடித்துப் போன அந்த இரண்டாம் மனைவி, இறந்தவளின் பெயரை எத்தனை நாள் கழித்துக் கேட்டிருப்பாள்? தொன்மம் அந்தப் பெண்களுக்குப் பெயர் தரவில்லை. நீங்கள் தர வேண்டும். ஆறு பெண்களுக்கும் பெயர், வயது, பிறந்த ஊர், கைவேலை ஆகியவற்றை முடிவு செய்யாமல் ஒரு காட்சியும் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தீக் காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தொடரின் மதிப்பு இதில்தான் நிற்கும் அல்லது விழும். உடன்கட்டையைப் போற்றிப் புகழ்வதை 1987ஆம் ஆண்டின் சதி தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி அல்ல, கதைக்கு உண்மையாக இருப்பதற்காகவே இங்கே புகழ்ச்சி கூடாது. மஞ்சள் பூசிய முகம், மெதுவாக நகரும் கேமரா, உச்சத்தில் ஒலிக்கும் நாதஸ்வரம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே சாவு தெய்வத்தன்மை பெற்றுவிடும். அதற்குப் பதிலாக முன்னிரவு முழுவதையும் காட்டுங்கள். நாய்கள் தண்ணீர் குடிக்கின்றன. ஒருத்தி அவற்றின் காலில் இருக்கும் சேற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். இன்னொருத்தி “நாளைக் காலைவரை பொறுப்போம்” என்கிறாள். மூன்றாமவள் அடுப்பில் மூவருக்கும் வைத்த களியை இறக்காமலே இருக்கிறாள். பொறுத்திருக்கலாம் என்று சொல்ல ஒருத்தியாவது இருக்க வேண்டும், அவள் குரல் தோற்க வேண்டும். தீயை நாம் காட்ட வேண்டியதில்லை. மறுநாள் மலைச்சரிவில் இறங்கி வரும் மூவரும் புகையைத் தூரத்திலிருந்து பார்த்து, யாரோ காட்டைத் திருத்துகிறார்கள் என்று பேசிக்கொண்டு நடந்து வந்தால் போதும்.

காலத்தை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த சிக்கல். தென்னாட்டில் முஸ்லிம் ஆட்சி மேலோங்கியிருந்த காலத்தில் முன்னோர் காஞ்சியை விட்டு வந்தனர் என்று ஒரு வழக்குச் சொல்கிறது. காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் கரியராமரே இடம் மாற விரும்பினார் என்று இன்னொரு வழக்குச் சொல்கிறது. பதினான்காம் நூற்றாண்டைத் தேர்ந்தால் தொண்டை மண்டலத்தில் சம்புவராயர்கள், மதுரையில் 1335 முதல் சுல்தானகம், பிறகு விஜயநகரத்துக் குமார கம்பணனின் படையெடுப்பு என்று பின்னணி அடர்த்தியாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பின்னணியைப் பிடித்துக்கொண்டு இதை மதப் பகையின் கதையாக மாற்றுவது எளிது. அப்படி மாற்றினால் மூன்று பெண்களின் சாவு பின்னுக்குப் போய்விடும். நான் இரண்டாவது வழக்கையே எடுத்துக்கொண்டேன். தெய்வத்துக்கே ஊர் பிடிக்காமல் போயிற்று என்று சொல்லும்போது, ஏன் என்ற கேள்வி பார்வையாளர் மனத்தில் தொடர் முடியும்வரை இருக்கும்.

கதை நடக்கும் காலத்தில் மலையில் இல்லாததால் சட்டகத்துக்குள் வரக்கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்றைக் கலை இயக்குநரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றும். மலையில் படம் பிடிக்கப் போனால்தான் அதன் கனம் தெரியும். இன்று ஏற்காட்டில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் காப்பித் தோட்டமும், அதற்கு நிழலாக நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரமும் வந்துவிடும். காப்பி இந்த மலைக்கு 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது; சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், தைலமரமும் அப்படியே. வேலியோரமெல்லாம் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும் உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து வந்தது. அடுப்படியில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எதுவும் இருக்க முடியாது. சேலத்துக்கே அடையாளமாகிவிட்ட மரவள்ளிக்கிழங்கும் பின்னால் வந்ததுதான். சாமை, தினை, கேழ்வரகு, அவரை, தேன், மிளகு, பலா ஆகியவற்றை வைத்துச் சமையலை அமையுங்கள். என் முதல் வரைவில் பெரியண்ணன் மனைவி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அதைத் திருத்தி மிளகு இடிக்க வைத்தபோது உரலின் ஓசை அந்தக் காட்சிக்கே ஒரு தாளத்தைக் கொடுத்தது.

மொழியில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, ‘மலையாளி’ என்ற பெயரைக் கேட்டுக் கேரளத்துச் சாயலில் வசனம் எழுதுவது. இவர்கள் தமிழ் பேசும் பழங்குடி மக்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. மற்றது, பழங்காலக் கதை என்பதற்காக எல்லாரையும் அரசவைத் தமிழில் பேச வைப்பது. வேட்டைக்குப் போகிறவன் “செல்கின்றேன்” என்று சொன்னால் அந்த நொடியே அவன் பொம்மையாகிவிடுவான். வடமொழிப் பகட்டையும் இன்றைய ஆங்கிலச் சொற்களையும் நீக்கிவிட்டு, சேலத்து மலையடிவாரத்தில் வயதானவர்கள் பேசும் பேச்சின் நடையில், குறைந்த சொற்களில் எழுதுவதே பொருத்தம். தம்பி அண்ணனை ‘அண்ணா’ என்றும், அண்ணன் மனைவியை ‘அண்ணி’ என்றும் கூப்பிட்டாலே உறவின் கட்டு தெரிந்துவிடும். அந்த வீட்டில் இரண்டாவதாக வருகிறவளையும் ‘அண்ணி’ என்று கூப்பிட வேண்டிய முதல் நாளில் சின்னண்ணன் வாய் திறக்காமல் நிற்பதற்கு வசனமே தேவையில்லை.

நீளத்தைப் பொறுத்தவரை எட்டு அத்தியாயங்கள் போதும் என்பது என் முடிவு. நான்காவதில் தீ, ஐந்தாவதில் மௌனம், ஆறும் ஏழும் புதிய மணங்கள், எட்டாவதில் மூவரின் பிரிவு. தினமும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடராக இதை இழுத்தால், நாய்கள் வரும் காட்சியை மூன்று நாள் காட்ட வேண்டிவரும். ஒளிபரப்பும் இடத்தையும் எழுதும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். செயற்கைக்கோள் தொலைக்காட்சி என்றால் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறி பொருந்தும். இணையவழித் தளம் என்றால் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்ற பிரிவுகளில் ஒன்றைத் தளம் குறிக்க வேண்டும். ஏ பிரிவுக்கு வயதை உறுதிசெய்யும் ஏற்பாடு தேவை. தீயைக் காட்டாமலே எழுதினால் யு/ஏ 16+ போதுமானதாக இருக்கலாம். ஆயினும் உயிரிழப்பும் குடும்பத் துயரமும் உள்ளன என்ற குறிப்பை முகப்பில் கட்டாயம் வையுங்கள்.

அனுமதிகளில் வனத்துறையின் அனுமதியை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள், நாய்களை மறந்துவிடுவார்கள். நடிக்கும் விலங்குகளுக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், அதை அட்டவணை போடும் முன்பே வாங்க வேண்டும். சேர்வராயன் குகைக் கோயிலை ஒரு காட்சிக்கேனும் பயன்படுத்த எண்ணுகிறவர்கள், அது குனிந்து நுழைய வேண்டிய, தாழ்ந்த கூரையுள்ள வழிபாட்டு இடம் என்பதையும், மே மாதத்தில் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் அங்கே மலை மக்களின் திருவிழா நடக்கிறது என்பதையும் மனத்தில் கொண்டு, விளக்கு, கேமராவை நகர்த்தும் தண்டவாளம், கூட்டம் எதுவும் உள்ளே போகாதபடி வெளிப்புறத்தை மட்டும் கேட்பதே முறை.

இரண்டு அத்தியாயங்களின் முதல் தொகுப்பு முடிந்ததும், இசை சேர்க்கும் முன்பே, கதை சொன்னவர்களின் ஊருக்கு அதை எடுத்துப் போங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் முன்னதாகச் சொல்லி, வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் மாலையில், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையிட்டால் போதும். பெண்களுக்கு முன்வரிசையில் இடம் கேளுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் வாசல்களிலேயே நின்றுவிடுவார்கள். கையில் நோட்டை வைத்துக்கொண்டு திரையைப் பார்க்காமல் பார்ப்பவர்களைப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது, நாய்கள் வாசலுக்கு ஓடி வந்த காட்சியில் ஒரு பெண் தன் மகனிடம், வேட்டைக்குப் போய் வந்த நாய் இப்படி வாலை ஆட்டாது, வந்ததும் படுத்துவிடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மறுவாரம் அந்தக் காட்சியை மீண்டும் எடுத்தோம். இப்போது மூன்று நாய்களும் வாசற்படிக்கு வெளியே வரிசையாகப் படுத்திருக்கின்றன, ஒன்றும் குரைக்கவில்லை.